‘மெர்ஜ் பண்ணுங்க ப்ரோ’ என்று எழுதுவதற்கு முன்

போன வாரமும் எங்கள் ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்கு (கோட் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்) ஒரு புல் ரிக்வெஸ்ட், அதாவது ‘என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற விண்ணப்பம், வந்தது. ‘அப்டேட் ரீட்மி’ என்று தலைப்பு. திறந்து பார்த்தால், திட்டத்தை அறிமுகம் செய்யும் ரீட்மி கோப்பின் அடியில் ‘வெரி நைஸ் புராஜெக்ட்’ என்று ஒரு வரி கூடியிருக்கிறது. வேறு எதுவும் இல்லை. மெர்ஜ் செய்யாமல், அதாவது திட்டத்தில் சேர்க்காமல், நன்றி சொல்லி மூடினேன். கொஞ்ச நேரத்தில், “ஏன் ப்ரோ க்ளோஸ் பண்ணீங்க? சர்டிஃபிகேட்டுக்கு வேணும், மெர்ஜ் பண்ணுங்க ப்ரோ” என்று பதில். காரணத்தை விளக்கி எழுதினேன். அதே வரியை இன்னொரு புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்பி, திட்டத்தில் இருக்கும் எல்லோரையும் டேக் செய்தார். அப்புறம் லிங்க்ட்இன்னிலும் வந்துவிட்டார்.

எனக்குக் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம். அந்தத் தம்பி குறும்பு செய்யவில்லை. தான் நல்ல காரியம் செய்ததாகவும், நான்தான் முறுக்கிக்கொண்டு நிற்பதாகவும் மனசார நம்புகிறார். யாரோ அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஒரு சின்ன பைத்தான் நூலகத்தை நானும் நண்பர்கள் இருவரும் ஓய்வு நேரத்தில் பராமரிக்கிறோம். எங்களுக்கே இந்தக் கதி என்றால் பெரிய திட்டங்கள் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014-இல் தொடங்கிய ஹேக்டோபர்ஃபெஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் மாதத்தில் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட். நோக்கம் நல்லதுதான். 2020 அக்டோபர் பிறந்ததும், ரீட்மியில் ஒரு சொல்லைக் கூட்டுவது, தலைப்பில் ‘அற்புதமான’ என்று சேர்ப்பது என்று உலகம் முழுக்க உள்ள திட்டங்களில் குப்பை வந்து குவிந்தது. சில நாட்களிலேயே விதியை மாற்றினார்கள்: தாமாக முன்வந்து பெயர் கொடுக்கும் திட்டங்களுக்கு அனுப்புவது மட்டுமே கணக்கில் வரும். பிறகு 2023-இல் டி-ஷர்ட்டையும் நிறுத்திவிட்டார்கள்.

எக்ஸ்பிரஸ் கதை இன்னும் நமக்குப் பக்கத்தில் நடந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வரில் ஓட்டும் நோட்ஜேஎஸ் உலகில், கணக்கில்லாத இணையதளங்கள் நம்பியிருக்கும் திட்டம் அது. திட்டங்களின் கோடை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தைச் சொல்லிக் கொடுக்கும் காணொளி ஒன்றில், புல் ரிக்வெஸ்ட் அனுப்பும் விதத்தை எக்ஸ்பிரஸின் ரெப்போவை (கோட் இருக்கும் இடத்தை) வைத்தே காட்டினார்கள். பார்த்த மாணவர்கள் அப்படியே செய்தார்கள். 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸின் ரீட்மியில் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி வரிசையாக வந்து விழுந்தன. அனுப்பியவர்களில் பெரும்பாலோர் இந்திய மாணவர்கள். இதைச் சொன்னால் சிலருக்குச் சுருக்கென்று இருக்கும். இருக்கட்டும். அந்த ரெப்போவைப் பின்தொடரும் ஒவ்வொருவருக்கும் அந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு அறிவிப்பு போகிறது என்பதை அந்தக் காணொளியில் யாரும் சொல்லவில்லை.

சரி, இதில் என்னை மிகவும் படுத்தும் தவறான எண்ணத்துக்கு வருகிறேன். “இலவசமாக உதவிதானே செய்கிறேன், வாங்கிக்கொள்வதற்கு என்ன?”

தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஓப்பன் சோர்ஸில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுதான் பராமரிப்பாளரின் முதல் வேலை. மாட்டைக் கட்டிவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள். அதற்குப் பிறகு தீனி போடுவது நாங்கள்.

பத்து வரி கோட் வந்தால் என்ன நடக்கிறது? வரி வரியாகப் படிக்க வேண்டும். மாற்றம் இருக்கும் பிரதியை (பிராஞ்ச்) இறக்கி என் கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய பைத்தான் பதிப்பில் உடைகிறதா, டெஸ்ட் இருக்கிறதா, அந்த டெஸ்ட் நிஜமாகவே எதையாவது சோதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஃபங்ஷனை வெளியே யார் யார் அழைக்கிறார்கள், அவர்களுக்கு என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். ஆவணத்தை மாற்ற வேண்டும், ரிலீஸ் குறிப்பில் ஏற்ற வேண்டும். ஒருமுறை வெளியிட்டுவிட்டால் திரும்பப் பிடுங்க முடியாது. அதை நம்பி யாராவது எழுதியிருப்பார்கள். இரண்டு வருஷம் கழித்து அதில் பிழை என்று ஒருவர் வந்து நின்றால், எழுதிய தம்பி வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார். பதில் சொல்ல வேண்டியது நாங்கள். எழுத உங்களுக்கு அரை மணி நேரம் ஆகியிருக்கலாம், கணக்கு அத்தோடு முடிவதில்லை. புல் ரிக்வெஸ்ட் என்பது நீங்கள் கொடுக்கும் கொடை மட்டும் அல்ல, எங்கள் நேரத்தைக் கேட்கும் விண்ணப்பமும்கூட.

“லைசென்ஸே ஓப்பன்தானே, நீங்கள் எப்படி மறுக்கலாம்?” என்று ஒருவர் சட்டம் பேசினார். ஓப்பன் சோர்ஸில் பரவலாகப் பயன்படும் எம்ஐடி லைசென்ஸ் ஒரு பக்கம்கூட வராது, தயவுசெய்து ஒருமுறை படியுங்கள். நகலெடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம், பரப்பலாம் என்கிறது. உள்ளது உள்ளபடி தருகிறோம், எந்த உத்தரவாதமும் இல்லை என்கிறது. அடுத்தவர் மாற்றத்தை எழுதியவர் ஏற்றே தீர வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளைப் பாருங்கள். உங்கள் கைப்பேசிக்குள்ளேயே அது இருக்கிறது. அதன் கோட் பொதுச்சொத்து, யாரும் எடுத்து எதுவும் செய்யலாம். ஆனால் வெளியாட்களின் கோடைச் சேர்த்துக்கொள்வதில்லை என்று அதன் தளத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். இதனால் யாருடைய சுதந்திரமும் குறையவில்லை. நான் மறுத்தால் ஃபோர்க் செய்து, அதாவது தனிப் பிரதி எடுத்து, உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளுங்கள். அந்த உரிமை உங்களுக்கு முழுதாக இருக்கிறது. என் மாலை நேரத்தின் மீது உரிமை கிடையாது.

எழுத்துப்பிழையைத் திருத்தவே கூடாது என்று சொல்லவில்லை. நிஜமான பிழை என்றால் ஒற்றை எழுத்தாக இருந்தாலும் சந்தோஷமாக மெர்ஜ் செய்வேன். சரியாக இருக்கும் வாக்கியத்தில் ஒரு சொல்லுக்குப் பதில் அதே பொருளில் இன்னொரு சொல்லைப் போடுவது திருத்தம் ஆகாது. பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கை அமெரிக்க ஸ்பெல்லிங்காக மாற்றி அனுப்புகிறார் ஒருவர். அடுத்த மாதம் இன்னொருவர் அதைத் திருப்பி மாற்றி அனுப்புகிறார்!

அனுப்புவதற்கு முன், பங்களிப்பு விதிகள் இருக்கும் கான்ட்ரிபியூட்டிங் கோப்பைப் படியுங்கள். ஏன் என்று விளக்கப் போவதில்லை. படியுங்கள். பெரிய மாற்றம் என்றால் முதலில் ஒரு இஷ்யூ (திட்டப் பக்கத்தில் எழுதும் கேள்வி அல்லது பிழைக் குறிப்பு) போட்டுக் கேளுங்கள். ஒரு புல் ரிக்வெஸ்ட்டில் ஒரு விஷயம் மட்டும். பிழை திருத்தும்போதே மொத்தக் கோப்பின் இடைவெளிகளையும் ‘அழகாக்கி’ அனுப்பினால், எது திருத்தம் எது அலங்காரம் என்று நான் பொறுக்கிக்கொண்டிருக்க முடியாது. இன்னொன்று, எங்கள் மூவரில் ஒருவர் பெண். அவருக்கும் ‘டியர் சார்’ என்றே எழுதுகிறார்கள். பெயர் மேலேயே இருக்கிறது, பார்த்து எழுதலாம்.

சில திட்டங்கள் ஒவ்வொரு கமிட்டின் (பதிவுசெய்யும் மாற்றத்தின்) கீழும் ‘சைன்ட்-ஆஃப்-பை’ என்று உங்கள் பெயருடன் ஒரு வரி கேட்கும். வெறும் சடங்கு என்று நினைக்காதீர்கள். லினக்ஸில் தன் கோட் இருக்கிறது என்று சொல்லி எஸ்சிஓ நிறுவனம் 2003-இல் ஐபிஎம் மீது வழக்குப் போட்டது. அந்தக் கலவரத்துக்குப் பிறகு 2004-இல் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் வந்த ஏற்பாடு இது. இந்தக் கோடைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நீங்கள் தரும் உறுதிமொழி அந்த வரி. வேலைக்குப் போகும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேலையின் பகுதியாக எழுதிய கோடின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்கே சேரும். நம் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் அப்படித்தான் சொல்கிறது. ஆபீஸ் ரெப்போவில் இருந்து நகலெடுத்து இங்கே ஒட்டினால் உங்களுக்கும் சிக்கல், எங்களுக்கும் சிக்கல்.

அப்புறம் ஏஐ. இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பெர்க், பாதுகாப்புப் பிழை கண்டுபிடிப்பவர்களுக்கு 2019 முதல் பணப் பரிசு கொடுத்துவந்தார். ஏஐ எழுதிய, இல்லாத பிழையை இருப்பதாகச் சொல்லும் அறிக்கைகள் குவிந்ததில் அலுத்துப்போய், 2026 ஜனவரியோடு அந்தப் பரிசுத் திட்டத்தையே மூடினார்கள். நிஜமான பிழையைக் கண்டுபிடிப்பவருக்கும் இனி பரிசு இல்லை. ஜென்டூ லினக்ஸ் 2024-லேயே ஏஐ எழுதிய பங்களிப்பு வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டது. மற்ற திட்டங்களில் பயன்படுத்தலாம், ஆனால் சொல்ல வேண்டும் என்று இருக்கும். எங்கள் விதி சுலபமானது: எந்த வரியைத் தொட்டுக் கேட்டாலும் அது ஏன் அங்கே இருக்கிறது என்று உங்கள் சொந்த வார்த்தையில் சொல்ல முடிய வேண்டும். நாங்கள் கேட்கும் கேள்வியையும் ஏஐயிடம் ஒட்டி, அது கொடுத்த நாலு பத்தியை இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறவர்களிடம் இனி பேசப்போவதில்லை. எனக்கு ஏஐயிடம் பேச வேண்டுமென்றால் நேராகவே பேசிக்கொள்வேன், நடுவில் நீங்கள் எதற்கு?

நடத்தை விதிகள் பற்றியும் சொல்ல வேண்டும். ‘கோட் ஆஃப் காண்டக்ட்’ என்றாலே வெள்ளைக்காரர்களின் பவ்யம், கோட் நன்றாக இருந்தால் போதாதா என்று கேட்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் லினக்ஸ் கெர்னலே அப்படித்தான் இருந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2018 செப்டம்பரில் தன் கடுமையான மின்னஞ்சல்களுக்கு மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச காலம் ஒதுங்கி இருந்தார். கெர்னலும் அப்போதுதான் ‘கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்’ என்ற பொது மாதிரியின் அடிப்படையிலான நடத்தை விதிகளை ஏற்றது. பராமரிப்பாளர் திட்டுவதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. பராமரிப்பாளரைத் திட்டுவதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

எக்ஸ்இசட் சம்பவம் அதற்காகவே தெரிந்திருக்க வேண்டியது. கோப்புகளைச் சுருக்கும் ஒரு கருவி அது, லினக்ஸ் கணினிகளில் எல்லாம் இருக்கும். லாஸி காலின் என்ற ஒருவர் பெரும்பாலும் தனியாளாகப் பல ஆண்டுகள் பராமரித்துவந்தார். 2022-இல் முன்பின் தெரியாத சில பெயர்களில் இருந்து நெருக்கடி ஆரம்பித்தது. பேட்ச் (அனுப்பிய திருத்தம்) ஏன் இன்னும் சேரவில்லை, முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுக்க வேண்டியதுதானே என்கிற ரகம். தனக்கு நீண்டகாலமாக மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்று அவர் எழுதியும் விடவில்லை. கடைசியில், பொறுமையாகப் பேட்ச் அனுப்பி நல்ல பிள்ளையாக இருந்த ஜியா டான் என்ற பெயர் பராமரிப்புப் பொறுப்புக்கு வந்தது. 2024 பிப்ரவரி, மார்ச்சில் வெளிவந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியக் கதவு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்து, மார்ச் 29-ஆம் தேதி அதை உலகுக்குச் சொன்னார். நெருக்கடி கொடுத்த அந்தப் பெயர்கள் எல்லாம் போலிக் கணக்குகள் என்றே இப்போது பரவலாகக் கருதப்படுகிறது.

இதில் எனக்கு உறைத்தது தாக்குதலின் நுட்பம் இல்லை. அந்த நெருக்கடிச் செய்திகளைப் படித்த யாருக்கும் அப்போது சந்தேகம் வரவில்லை. ஏன் வரவில்லை? எல்லாத் திட்டத்திலும் எல்லா நாளும் அப்படித்தான் எழுதுகிறார்கள். “எனி அப்டேட்?” “இதற்கு இவ்வளவு நாளா?” “திட்டம் செத்துவிட்டதா?” மரியாதையில்லாத பேச்சு சகஜமாகிப்போன இடத்தில் எதிரி தனியாகத் தெரியமாட்டான்.

ஆகவே காத்திருங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, பணிவாக நினைவூட்டலாம். லிங்க்ட்இன், வாட்ஸ்அப், வேலை செய்யும் இடத்து மின்னஞ்சல் எதுவும் வேண்டாம். வேண்டாம் என்று பதில் வந்தால் காரணம் கேளுங்கள், ஒரே ஒரு முறை. ரிவ்யூவில் குறை சொன்னால் அது கோடைப் பற்றியது, உங்களைப் பற்றியது இல்லை. உங்களைப் பற்றியே யாராவது கேவலமாகப் பேசினால் பதிலுக்குச் சண்டை போடாதீர்கள். விதிக் கோப்பில் புகார் அனுப்பும் முகவரி இருக்கும், அங்கே எழுதுங்கள். கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியைப் பழக வேண்டுமென்றால் உங்களுக்கே ஒரு ரெப்போ திறந்துகொள்ளுங்கள், காசா பணமா? முதல் புல் ரிக்வெஸ்ட்டைப் பழகிப் பார்ப்பதற்கென்றே ‘ஃபர்ஸ்ட் கான்ட்ரிபியூஷன்ஸ்’ என்று ஒரு ரெப்போவும் இருக்கிறது. பெயரை அங்கே தாராளமாகச் சேர்க்கலாம்.

எங்களுக்கு வந்ததிலேயே மதிப்பான பங்களிப்பு ஒன்றில் ஒரு வரி கோட்கூட இல்லை. ஒரு மாணவி எழுதிய இஷ்யூ அது. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், எகரக் குறியும் காலும் என இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் தேடும்போது ஒரு வடிவம் மட்டும் சிக்கி, மற்றது விட்டுப்போகிறது என்று கண்டுபிடித்திருந்தார். எந்தப் பதிப்பு, என்ன கொடுத்தார், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று சுருக்கமாக எழுதி, ஓட்டிப் பார்க்க நாலு வரியும் வைத்திருந்தார். அன்று இரவே சரிசெய்துவிட்டோம். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரால் மட்டுமே பார்த்திருக்கக் கூடிய பிழை அது. இந்த மாதிரிப் பிழைகள் இன்னும் எத்தனையோ மென்பொருள்களில் கிடக்கின்றன. கர்சர் எழுத்தின் நடுவில் நிற்பது, எழுத்தை எண்ணினால் தப்பான கணக்கு வருவது, வரி உடையும்போது ஒற்றைக்கொம்பு மேல்வரியில் தங்கிவிடுவது. அதைப் பார்த்துச் சொல்லுங்கள், ரீட்மியை விட்டுவிடுங்கள்.

கல்லூரி ஆசிரியர்களிடமும் பிளேஸ்மென்ட் பொறுப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். ‘இத்தனை புல் ரிக்வெஸ்ட் மெர்ஜ் ஆனால் இத்தனை மதிப்பெண்’ என்று வைக்காதீர்கள். அந்தச் சுமை உங்கள் மாணவரைத் தாண்டி, முகம் தெரியாத யாரோ ஒருவரின் ஞாயிற்றுக்கிழமையில் போய் இறங்குகிறது. மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் மாணவர் போட்ட ஒரு இஷ்யூவைத் திறந்து, அதில் நடந்த உரையாடலைப் படித்துப் பார்த்துக் கொடுங்கள். மெர்ஜ் ஆகியிருக்க வேண்டும் என்றுகூட அவசியம் இல்லை.