கேப்டனைக் கொன்ற பிறகும் அவர் எப்படி உயிரோடு இருக்கிறார்?

2011 டிசம்பரில் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்' என்னும் ஆன்லைன் விளையாட்டில், பேரரசின் பக்கம் ஆடுபவர்கள் தொடக்கக் கட்டத்திலேயே பிளாக் டேலன் என்ற விண்கலத்தில் ஏறுகிறார்கள். மேலிடத்து உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுக்கும் அதன் கேப்டன் ஓர்ஸிக்கைக் கொன்றுவிடலாம்; உயிரோடு விட்டும் வைக்கலாம். நால்வர் குழு அவர் முன்னால் நிற்கும்போது ஒவ்வொருவர் திரையிலும் பதில்கள் வரிசையாகத் தோன்றுகின்றன. நால்வரும் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும், விளையாட்டை இயக்கும் மையக் கணினியான சர்வர் அவர்களுக்காகப் பகடை உருட்ட, அதிக எண் விழுந்தவரின் பதிலே நிறைவேறுகிறது. மற்ற மூவரும் இரக்கம் காட்டியிருந்தாலும் பகடை நான்காமவருக்குச் சாதகமாக விழுந்தால் கேப்டனின் கதை முடிந்தது. ஆயினும் அந்த மூவரின் கணக்கிலும் அவரவர் தேர்வுக்கு உரிய நல்வழிப் புள்ளிகளே ஏறுகின்றன. அடுத்த நிமிடம் வேறொரு குழு கலத்தில் ஏறும்போது, எதுவுமே நடவாதது போலக் கேப்டன் அங்கே நின்றுகொண்டிருப்பார்.

இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. ஒவ்வொரு குழுவுக்கும் அந்தக் கலத்தின் தனிப்படி ஒன்றைச் சர்வர் உருவாக்கிக் கொடுக்கிறது. இதை 'இன்ஸ்டன்ஸ்' என்பார்கள். கேப்டனின் மரணம் அந்தப் படியோடு அழிந்துபோக, ஆட்டக்காரரின் பாத்திரத்துக்கான பதிவில் மட்டும் அவருடைய தேர்வு தங்குகிறது. எனவே இத்தகைய விளையாட்டுகளை ஒப்பிடும்போது, எத்தனை தேர்வுகள் உள்ளன என்று எண்ணுவதைவிட, ஒரு தேர்வு யாருடைய பதிவில் எழுதப்படுகிறது என்று பார்ப்பதே பயனுள்ளது என்பது என் எண்ணம்.

பதிந்து வைப்பது மிக எளிது. ஆம், இல்லை என்ற 1,000 விடைகள் 125 பைட்டுக்குள் அடங்கிவிடும். செலவு வேறிடத்தில் இருக்கிறது: ஒன்றுக்கொன்று தொடர்புடைய 10 இருவழித் தேர்வுகளை முழுமையாகப் பின்தொடர்ந்தால் 1,024 கதைகள் வேண்டியிருக்கும், அத்தனைக்கும் வசனமும் குரலும் காட்சியும் தேவைப்படும். அதனால்தான் எழுத்தாளர்கள் கிளைகளைச் சற்று தூரம் ஓடவிட்டு மறுபடியும் ஒரே பாதையில் சேர்த்துவிடுகிறார்கள். 2013-இல் புதுப்பிக்கப்பட்டு வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 14' இன்னும் வெளிப்படையாக நடந்துகொள்கிறது. அங்கே முதன்மைக் கதை எல்லாருக்கும் ஒன்றே; நாம் தேர்ந்தெடுக்கும் வசனம் பெரும்பாலும் எதிராளியின் ஓரிரு வரிப் பதிலை மட்டுமே மாற்றும். கதையின் ஆழத்துக்காகத் தேர்வை விட்டுக்கொடுத்த அந்த வியாபாரத்தை நான் நட்டம் என்று சொல்லமாட்டேன்.

தனிப்படிக்கும் பொது உலகுக்கும் நடுவே ஒரு வழியை 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' 2008-இல் விரிவாகக் கையாண்டது. 'ஃபேஸிங்' எனப்படும் இம்முறையில், ஒரே இடத்தில் நிற்கும் இருவருக்கு, அவரவர் கதையில் எட்டிய கட்டத்தைப் பொறுத்து, வெவ்வேறு காட்சிகளைச் சர்வர் அனுப்புகிறது. ஒருவருக்கு எரிந்த ஊராகத் தெரிவது மற்றவருக்கு எரியாத ஊராகத் தெரியும். இதற்கான விலையும் உண்டு: கட்டம் மாறிவிட்டால் பக்கத்தில் நிற்கும் நண்பரே கண்ணுக்குத் தெரியமாட்டார். 2014-இல் வந்த 'எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்' கதையில் வரும் தேர்வுகளுக்கு இம்முறையைத் தாராளமாகப் பயன்படுத்தியபோது, சேர்ந்து விளையாட வந்தவர்கள் பிரிந்து நின்று குறைபட்டுக்கொண்டதும் இதனால்தான்.

தேர்வை உலகின் பதிவிலேயே எழுதிவிட்டால் என்ன ஆகும் என்பதை 'எவர்க்வெஸ்ட்' காட்டியது. அதில் உறங்கிக்கொண்டிருந்த கெராஃபிர்ம் என்னும் டிராகனை ஒரு சர்வரில் ஒரே ஒரு முறைதான் எழுப்ப முடியும். நான்கு காவலர்களையும் ஒரு குழு வீழ்த்தினால் அது விழித்துவிடும். அதன்பின் காவலர்கள் திரும்பி வரமாட்டார்கள், அவர்களிடமிருந்து கிடைக்கும் அரிய பொருள்களும் பிறருக்கு எட்டாது. ஒரு குழுவின் சுதந்திரம் மற்ற எல்லாருடைய வாய்ப்பையும் ஒரேயடியாக எடுத்துக்கொண்டது.

வாக்கெடுப்பு இதற்கு ஒரு மாற்று. 2013-இல் 'கில்ட் வார்ஸ் 2' ஆட்டக்காரர்கள் விளையாட்டுக்குள் நடந்த தேர்தலில் இரு வேட்பாளர்களில் எல்லன் கீலைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் வாக்குறுதி அளித்திருந்த புதிய பகுதியே பின்னர் விளையாட்டில் சேர்க்கப்பட்டது.

'ஈவ் ஆன்லைன்' எழுத்தாளரையே ஒதுக்கி வைக்கிறது. சீனாவுக்கான தனிச் சர்வர் நீங்கலாக, எல்லாரும் ஒரே விண்வெளியில்தான் இருக்கிறார்கள். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தின் உரிமைக்கான பராமரிப்புக் கட்டணம் உரிய நேரத்தில் கட்டப்படாமல் போக, அதைப் பிடிக்க ஆயிரக்கணக்கானோர் திரண்டு ஏறத்தாழ 21 மணி நேரம் போரிட்டார்கள். நெரிசல் மிகுந்தால் அந்த விளையாட்டின் சர்வர் ஆட்ட நேரத்தையே மெதுவாக்கிவிடும். பத்தில் ஒரு பங்கு வேகம் வரை அது இறங்கக்கூடும். மிகப் பெரிய கப்பல்களான டைட்டன்கள் மட்டும் 75 அழிந்தன. இந்தக் கதையை யாரும் முன்கூட்டி எழுதவில்லை. அதன் சிதைவுகளை நினைவுச்சின்னமாக அங்கேயே நிறுத்திவைத்தார்கள், புதிதாக அந்த மண்டலத்துக்குள் நுழைபவருக்கும் அவை தெரியும்.