உளியை இரும்புச் சுத்தியலால் அடிக்காதீர்கள்: மரச்சுத்தியலான கொட்டாப்புளியை நீங்களே செய்யலாம்

என்னிடம் பழுதுபார்க்க வரும் உளிகளில் பலவற்றின் இரும்பில் ஒரு குறையும் இருக்காது. கைப்பிடிதான் போயிருக்கும். அடிவாங்கிய முனை பூப்போல விரிந்து, கீழே நீளவாக்கில் விரிசல் ஓடியிருக்கும். எதால் அடித்தீர்கள் என்று கேட்டால், "சுத்தியலால்தான்" என்பார்கள்.

இரும்புச் சுத்தியலின் முகம் சிறியது, கடினமானது. அடி மொத்தமும் காசளவு இடத்தில் இறங்கி, கைப்பிடியின் இழைகளை நசுக்கிப் பிரித்துவிடுகிறது. கைப்பிடி முனையில் பூண் என்னும் இரும்பு வளையம் போட்டு, சுத்தியலுக்கென்றே செய்த உளிகள் வேறு. மற்றதெல்லாம் மரத்தால் அடிக்க வேண்டியவை. கொட்டாப்புளியின் முகம் அகலமானது. சற்றே அமுங்கி அடியைப் பரப்பிக் கொடுக்கும். அகலம் இருப்பதால் கண் உளியின் வாயிலேயே நிற்கலாம். அடி தவறி விரலில் விழுவதும் வெகுவாகக் குறையும்.

தலைக்கு நன்கு காய்ந்த, வைரம் பாய்ந்த மரம் வேண்டும். புளி, கருவேலம், ஓக், பீச் எல்லாமே தாங்கும். தண்டின் நடுப்புள்ளி அந்தத் துண்டுக்குள் வரக்கூடாது; வந்தால் அங்கிருந்துதான் வெடிக்கும். சுமார் 14 செ.மீ. நீளம், 9 செ.மீ. உயரம், 6.5 செ.மீ. தடிமன் இருந்தால் தலை 600 கிராமை ஒட்டி வரும். உளி வேலைக்கு இது போதும். கை வலித்தால் அடுத்ததை இலேசாகச் செய்துகொள்ளுங்கள். இழை நீளவாக்கில், அடிக்கும் ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்கு ஓட வேண்டும். இழை குறுக்கே வெட்டுப்பட்ட முகத்தால்தான் அடிக்கப் போகிறோம்.

இனி காம்பு. இந்த இடத்தில்தான் பலர் ஆபத்தை வரவழைத்துக்கொள்கிறார்கள். நேரான துளை போட்டு, காம்பைச் செருகி, பசை தடவி, பக்கவாட்டில் ஓர் ஆணி. மரம் காய்ந்து சுருங்கும்போது பசை விட்டுவிடும், ஆணி இருக்கும் இடத்தில் பிளக்கும். அப்படிச் செய்த ஒரு தலை, நான் வேலை கற்ற பட்டறையில், ஓங்கிய வேகத்தில் கழன்று என் காதோரம் பறந்து சுவரில் மோதியது. பக்கத்தில் குனிந்திருந்தவர் நிமிர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

பழைய தச்சர்கள் இதற்கு அருமையான வழி வைத்திருந்தார்கள். துளை மேலே அகலம், கீழே குறுகல். முகங்களை நோக்கிய இரு பக்கமும் மேலே 3 மி.மீ. அளவு கூடுதலாக இருந்தால் போதும். காம்பின் மேல்பகுதியையும் அதே சரிவில் இழைத்து, தலையின் உச்சி வழியாக உள்ளே இறக்குங்கள். பசை, ஆணி, ஆப்பு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு வீச்சிலும் தலை வெளியே ஓடப் பார்க்கும், அந்த இழுப்பிலேயே காம்பு இறுகும். உச்சியில் ஒரு செ.மீ. வெளியே நிற்கட்டும், நாளாக ஆக இறங்க இடம் வேண்டுமல்லவா?

துளையின் கோடுகளை மேலும் கீழும் வரைந்து, துரப்பணத்தால் நடுவை எடுத்துவிட்டு, இரு பக்கமிருந்தும் உளியால் நடுவை நோக்கி வாருங்கள். அவசரப்பட்டால் துளையின் ஓரம் சிதறும். காம்புக்கு இழை நேராக ஓடும் மரம்; ஒரு கணு இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். கை பிடிக்கும் இடத்தில் அதன் குறுக்குவெட்டை நீள்வட்டமாக வையுங்கள். தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கை பார்க்காமலே அறியும்.

அடிக்கும் முகங்களை உங்கள் முழங்கையை நோக்கிச் சற்றே சாய்த்து அறுங்கள். கை வளைந்து இறங்கும்போது முகம் உளியின் மேல் தட்டையாகப் படும். விளிம்புகளைச் சீவிவிடுங்கள், இல்லையென்றால் சில்லு தெறிக்கும். முகத்துக்கு வார்னிஷ் வேண்டாம், வழுக்கும்.

மற்ற பகுதிக்கு ஆளிவிதை எண்ணெய் தடவலாம். அப்புறம் அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியே ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

முதல் சில வாரங்கள், வேலை தொடங்குமுன் காம்பின் உச்சியை ஒரு மரக்கட்டையில் தட்டி இறக்குங்கள். தலையில் விரிசல் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். காம்பு பசையில்லாமல் நிற்பதால், அதைக் கழற்றிப் புதுத் தலையில் போட்டுக்கொள்ளலாம்.