புது பேட்டரி வாங்குமுன் மூன்று அளவு பாருங்கள்

"தம்பி, எட்டு மாசத்துல இது ரெண்டாவது பேட்டரி. காலையில செல்ஃப் அமுக்கினா டக்கு டக்குன்னு சத்தம்தான் வருது, இஞ்சின் சுத்த மாட்டேங்குது."

வேதாரண்யம் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போனில் சொன்னது. குட்டைக் கரைகளில் தீவன மூட்டை ஏற்றிப்போக நாலு சக்கர பைக் ஒன்றைப் பழசாக வாங்கியிருந்தார். ஏடிவி என்போமே, அதுதான். திருத்துறைப்பூண்டியில் இருக்கும் என் பட்டறைக்கு இந்த வண்டி வருவதே அபூர்வம். வருவதெல்லாம் டூவீலரும் டிராக்டரும்தான். ஆனால் சார்ஜ் ஆகும் விதத்தில் இது டூவீலரின் பங்காளி. இஞ்சினோடு சுற்றும் காந்தச் சக்கரம், அதற்குள் அசையாத காயில். காயிலில் பிறக்கும் ஏசி கரண்டை ரெகுலேட்டர் டிசியாக மாற்றி, 14 வோல்ட் அளவில் கட்டுப்படுத்தி, பேட்டரிக்கு அனுப்பும். அவ்வளவுதான் கதை.

நேரில் போனபோது, ஏற்கெனவே பார்த்த மெக்கானிக் "காயில் போயிடுச்சு, வெளியிலேர்ந்து வரவழைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மீட்டர் வைத்துப் பார்த்தாரா என்று கேட்டேன். வண்டி ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிப் பார்த்தாராம்.

இந்தப் பழக்கம் நம் பக்கம் இன்னும் ஒழியவில்லை. பழைய வண்டிகளில் செய்து பழகிய கை. ஓடும் இஞ்சினில் பேட்டரியைப் பிரித்தால், தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் வோல்டேஜ் எகிறும். ரெகுலேட்டரும், இன்ஜெக்‌ஷன் வண்டியென்றால் இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவும் போய்விடலாம். ஸ்க்ரூடிரைவரை டெர்மினலில் உரசித் தீப்பொறி பார்ப்பதும் இதே ரகம். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு பொறி போதும், வெடித்து முகத்தில் ஆசிட் தெறிக்க.

சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் இருந்தால் இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம். சார்ஜில் போட்ட பேட்டரியைச் சில மணி நேரம் சும்மா விட்டு, டிசி வோல்ட்டில் பாருங்கள். 12.6க்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. அடுத்து, மீட்டரை எடுக்காமலே செல்ஃப் போடுங்கள். இஞ்சின் சுற்றும்போது 10க்குப் பக்கத்தில் நின்றால் பேட்டரிக்குத் தெம்பு உண்டு. நிறைந்திருந்த பேட்டரி 9க்கும் கீழே விழுந்தால் அது உள்ளே செத்துவிட்டது. மூன்றாவது, வண்டியை ஓடவிட்டு நல்ல ரேஸ் கொடுத்துப் பார்ப்பது. 13.5க்கும் 14.7க்கும் நடுவே வரவேண்டும். ஏறாவிட்டால் சார்ஜ் வரவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியை அவித்துக்கொண்டிருக்கிறது.

அண்ணன் வண்டியில் பேட்டரியைச் சார்ஜ் போட்டுப் பார்த்தபோது முதல் இரண்டு அளவும் குறையில்லை. மூன்றாவது 12.9தான். ஹெட்லைட் போட்டதும் 12.4க்கு இறங்கிவிட்டது. வண்டியில் போதாக்குறைக்கு இரண்டு எல்இடி பார் லைட், கம்பி வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச் ஒன்று. சின்ன காயில் இத்தனைக்கும் ஈடுகொடுக்காது, அதுவும் கரையில் மெதுவாக ஊர்ந்துபோகும்போது. ஆனாலும் லைட் அணைந்திருக்கையில் 12.9 என்பது வேறு கோளாறு.

காயிலிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயர்களை ரெகுலேட்டரோடு இணைக்கும் பிளக்கான கப்ளரைப் பிரித்து, மீட்டரை ஏசியில் வைத்து இரண்டிரண்டாக அளந்தேன். எத்தனை வோல்ட் என்பது வண்டிக்கு வண்டி மாறும்; மூன்று ஜோடியும் சமமா, ரேஸுக்கு ஏற்ப ஏறுகிறதா என்பதுதான் முக்கியம். (ரேஸ் கொடுக்கும்போது 50 வோல்ட்டைத் தாண்டும், வெறுங்கையால் தொடாதீர்கள்.) மூன்றும் சமம். இஞ்சினை நிறுத்தி ஒவ்வொரு மஞ்சள் வயரையும் பாடியோடு சேர்த்து மீட்டரில் பார்த்தேன், எர்த் அடிக்கவில்லை, அதாவது பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. காயில் கல் மாதிரி இருந்தது.

குற்றவாளி என் கையிலேயே இருந்தான். கப்ளரின் ஒரு பின் பச்சை பூத்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் கருகி உருகியிருந்தது. உப்பளக் காற்றும் குட்டைத் தண்ணீரும் பின்னை அரித்திருக்கின்றன. அரித்த இடத்தில் தடை கூடி, சூடேறி, கருகியிருக்கிறது. மூன்று வழியில் வரவேண்டிய கரண்ட் ஒழுங்காக வந்தது இரண்டு வழியில்தான். கப்ளரை வெட்டி எறிந்து புதிது போட்டு, பின்களில் கிரீஸ் தடவினேன். 14.2 வந்தது.

பேட்டரி நெகட்டிவை வண்டி பாடியோடு இணைக்கும் எர்த் வயரையும் விடவில்லை. மீட்டரின் ஒரு முனையை இஞ்சின் பாடியிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்து செல்ஃப் போட்டால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் போல்ட்டைக் கழற்றித் துருவைத் தேய்த்து மாட்டுங்கள். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் பாதிக் கோளாறு அங்கேதான். பேட்டரி வயரைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில்.

கார் பேட்டரியிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் செய்ய ஜம்ப் கொடுப்பதானால் கார் இஞ்சின் ஓடக்கூடாது. சார்ஜருக்கும் அவசரம் ஆகாது: 14 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு 1.4 ஆம்பியர், அதாவது பத்தில் ஒரு பங்கு. தண்ணீர் ஊற்றும் வகையென்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். போர் தண்ணீரும் வேண்டாம், வீட்டு ஆர்ஓ தண்ணீரும் வேண்டாம்.

இன்னொன்று, காலியாகப் போட்டுவைப்பது. கஜா புயல் வந்த 2018 நவம்பரில் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் வண்டி பேட்டரியில்தான் பலர் பல்பு எரித்தார்கள், போன் சார்ஜ் போட்டார்கள். பிறகு பட்டறைக்கு வந்த பேட்டரிகளில் பலவற்றை மீட்க முடியவில்லை. செல்ஃப் எடுக்கச் செய்த பேட்டரி அடிவரை காலியாவதைத் தாங்காது. காலியாகவே கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் இறுகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டியை நிறுத்துவதானால் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள்.

அண்ணன் முதலில் கழற்றிய பேட்டரி தீவனக் கொட்டகையில் கிடந்தது. எடுத்துவரச் சொல்லி ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டேன். காலையில் 12.5 காட்டியது, செல்ஃப் போட்டதும் 6க்கு விழுந்தது. கப்ளர் கோளாறை அன்றைக்கே யாராவது பார்த்திருந்தால் இன்னும் ஓடியிருக்கும். பேட்டரிக் கடையில் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடச் சொன்னேன்.