எரிச்சல் அல்ல, கலக்கம்

நாகர்கோவில் பக்கம் சுவரொட்டிகளிலும் துண்டுத்தாள்களிலும் "எரிச்சல் கொண்ட குடல் நோய்க்குறி" என்ற தொடர் அடிக்கடி கண்ணில் படுகிறது. வயிற்று வலியோடு பேதியோ மலச்சிக்கலோ வந்து தொல்லை தரும் இரிட்டபிள் பவல் சின்ட்ரோம், அதாவது ஐபிஎஸ்ஸுக்குத் தமிழாம். இது தவறு. படிக்கிற நோயாளிக்குக் கெடுதலும் கூட.

'இரிட்டபிள்' லத்தீன் வழி வந்த சொல். சீண்டினால் கிளர்வது என்பது பொருள். 18ஆம் நூற்றாண்டில் ஆல்பிரெக்ட் வான் ஹாலர் என்ற சுவிஸ் மருத்துவர், தூண்டினால் சுருங்கும் தசையின் இயல்புக்கு இந்தச் சொல்லை வைத்தார். எரிவுக்கு இதில் இடமே இல்லை.

"எனக்கு எரிச்சலா வருது" என்று கோபத்தைச் சொல்கிறோமே, மொழிபெயர்ப்பாளர் அதைப் பிடித்துக்கொண்டார் போல. ஆனால் உறுப்போடு சேர்ந்தால் எரிச்சல் என்பது எரிவுதான்: கண் எரிச்சல், நெஞ்செரிச்சல். படித்தவர் அமிலக் கோளாறு என்று நினைத்து மாத்திரை வாங்குகிறார், இல்லை சூடு தணியப் பாலைக் குடிக்கிறார். ஐபிஎஸ் உள்ள பலருக்குப் பாலே வயிற்றை ஊத வைக்கும்.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. குடல் அழற்சி வேறு நோய். அதில் குடலின் உட்சுவர் புண்ணாகும், ரத்தம் போகும். அழல் என்றாலும் தீ, எரிச்சல் என்றாலும் தீ. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யாருக்குப் பிரித்துத் தெரியும்? ஐபிஎஸ்ஸில் குழாய் விட்டுப் பார்த்தாலும் புண் இருக்காது. மூன்று மாதமாக, வாரத்தில் ஒரு நாளாவது வயிறு வலிக்கும். அதோடு பேதியோ மலச்சிக்கலோ, இரண்டும் மாறிமாறியோ வரும். காலையில் மார்த்தாண்டத்தில் பஸ் ஏறுவதற்குள் மூன்று தடவை கக்கூசுக்கு ஓடுகிறவரிடம் கேளுங்கள், "வயித்தக் கலக்குது" என்பார். பயந்தாலும் வயிற்றைக் கலக்குகிறது என்றுதானே சொல்கிறோம்? மனப்பதற்றம் குடலைத் தாக்கும் என்பது அந்தப் பேச்சிலேயே இருக்கிறது.

ஆகவே என் தேர்வு 'கலங்குகுடல்'. கலக்கம் பேதிக்கு மட்டும்தானே பொருந்தும், மலச்சிக்கல் வகைக்கு எப்படி என்று கேட்கலாம். ஒழுங்கு குலைவதெல்லாம் கலக்கம்தான். 'உறுத்துகுடல்' என்றும் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் உறுத்தல் என்றால் உள்ளே ஏதோ குத்துவதாகத் தோன்றும்.

அப்புறம், 'நோய்க்குறி' என்பது ஒற்றை அறிகுறி. சின்ட்ரோம் என்பது பல குறிகள் சேர்ந்து வருவது. குறித்தொகுப்பு என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டுகிறார்கள், ஊர் வாயில் இருக்கிற சொல்லைக் கேட்பதே இல்லை.

அந்தத் தாள்களில் வேண்டியது வேறு. பால், கோதுமை, வெங்காயம், பூண்டு, பயறு ஆகியவற்றில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று மருத்துவர் சொற்படி விலக்கிப் பார்க்கலாம். இசப்கோல் என்ற நார்ச்சத்து உமி பலருக்கு உதவும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி இருந்தால் அது கலங்குகுடல் என்று விட்டுவிடாமல் உடனே பரிசோதிக்க வேண்டும். இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.