வாடை நீக்கிய டர்பன்டைன் தாரிடம் ஏன் தோற்கிறது?

வாசகர் ஒருவரின் கேள்வி: "புதிதாகத் தார் போட்ட சாலையில் வண்டி ஓட்டியதில் வெள்ளை காரின் கதவுகளுக்குக் கீழேயும் சக்கரங்களுக்குப் பின்னாலும் கறுப்புப் புள்ளிகள். வாடை நீக்கிய மினரல் டர்பன்டைனில் துணியை நனைத்துத் துடைத்தேன். கட்டி கரைந்துவிட்டது, ஆனால் பழுப்பாக ஒரு படலம் நின்றுவிட்டது. இன்னும் ஊற்றித் துடைத்தால் படலம் பரவுகிறதே தவிர, போகவில்லை. பெயின்ட் கெட்டுவிட்டதா?"

அநேகமாக பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இன்னும் இன்னும் ஊற்றியதுதான் சிக்கலே. அதிகம் ஊற்றினால் அதிகம் கரையும் என்றுதான் யாரும் நினைப்போம். தாரின் விஷயத்தில், தவறான கரைப்பானை எவ்வளவு தாராளமாக ஊற்றுகிறோமோ அவ்வளவு உறுதியாகக் கறை படியும். காரணம் அழகான வேதியியல்.

இன்றைய சாலைகளில் நாம் தார் என்று சொல்வது பெரும்பாலும் பிட்டுமின். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் பிரித்தெடுத்த பிறகு அடியில் தங்கும் கனமான மிச்சம். ஜல்லியுடன் கலந்து சுமார் 150 டிகிரி செல்சியஸில் சாலையில் விரிக்கிறார்கள். சாதாரண சாலைப் பிட்டுமின் 50 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். வெயில் நேரத்தில் சாலையின் மேற்பரப்பு எளிதாக அந்தச் சூட்டைத் தொடும். டயர் அதை எற்றிவிட, அது இளகிய நிலையிலேயே பெயின்ட்டில் பட்டுப் பரவி, ஆறி இறுகுகிறது. ஷாம்பூ தண்ணீரால் எதுவும் ஆகாது. பிட்டுமின் தண்ணீரோடு ஒட்டாத ஹைட்ரோகார்பன். இதுவரை பள்ளிப் பாடம்.

இனிமேல்தான் சுவாரஸ்யம். பிட்டுமின் ஒரே பொருள் அல்ல, ஒரு குடும்பம். அதில் எண்ணெய் போன்ற இலகுவான மூலக்கூறுகள் உண்டு, பிசின் போன்ற நடுத்தரமானவை உண்டு, அஸ்ஃபால்டீன்கள் என்ற கனமானவை உண்டு. அஸ்ஃபால்டீனின் நடுவில் பென்சீன் வளையங்கள் பல ஒட்டிச் சேர்ந்த தட்டையான தகடு. ஓரங்களில் குட்டையான கார்பன் வால்கள். தட்டையானவை என்பதால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளத் துடிப்பவை. தாரின் கறுப்பும் பழுப்பும் பெரும்பாலும் இவற்றிடமிருந்து வருவதுதான். எடையில் 5 முதல் 25 சதவீதம் வரை இருக்கலாம்.

அடுக்கிக்கொள்ளத் துடிப்பவை ஏன் பிட்டுமினுக்குள் தனியாகப் பிரிந்து படிவதில்லை? பிசின் மூலக்கூறுகள் அவற்றைச் சூழ்ந்து, ஒன்றையொன்று நெருங்க விடாமல் எண்ணெயில் மிதக்க வைத்திருக்கின்றன. அதாவது பிட்டுமின் என்பது கவனமாகச் சமன் செய்யப்பட்ட ஒரு கூட்டணி. இப்போது அதன்மேல் கார்பன் அணுக்கள் நேராகக் கோத்த நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன் ஒன்றை, உதாரணமாக ஹெப்டேனை, ஊற்றுங்கள். முதல் சில துளிகளில் எல்லாம் சேர்ந்து கறுப்பாக ஓடும். கரைந்துவிட்டது என்றே தோன்றும். ஹெப்டேன் கூடக்கூட எண்ணெயும் பிசினும் அதில் கலந்து நீர்த்துவிடும். காவலுக்கு நின்ற பிசின் விலகியதும் அஸ்ஃபால்டீன்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, மெல்லிய பழுப்புத் தூளாகப் படிந்துவிடும். ஆய்வகத்தில் அஸ்ஃபால்டீனை அளப்பதே இப்படித்தான்: ஒரு கிராம் மாதிரிக்கு 30 மில்லி ஹெப்டேன் விட்டுக் காய்ச்சி வடிகட்டுவார்கள். வடிதாளில் தங்கும் அந்தத் தூளில், பென்சீன் வளையம் கொண்ட கரைப்பானான டொலுயீனைச் சூடாக விட்டால் மொத்தமும் கரைந்து இறங்கிவிடும்.

மினரல் டர்பன்டைனுக்கு வாடை தருவதில் பெரும் பங்கு அதிலுள்ள அரோமேட்டிக் சேர்மங்களுக்கு, அதாவது பென்சீன் வளையம் கொண்டவற்றுக்கு உண்டு, டொலுயீனின் உறவுக்காரர்கள். வாடையை நீக்கும்போது ஆலையில் அவற்றைத்தான் எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது கிட்டத்தட்ட ஹெப்டேன் வகையறா. வாசகர் தம் கார் கதவில் செய்தது, தெரியாமலேயே, அஸ்ஃபால்டீன் பிரித்தெடுக்கும் சோதனை.

அஸ்ஃபால்டீன் என்ற பெயர் 1837-இல் பூசெங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் வைத்தது. அதன் ஒற்றை மூலக்கூறு எப்படி இருக்கும், எவ்வளவு எடை என்பதில் வெகுகாலம் சண்டை நடந்தது. 2015-இல் ஸூரிக் ஐபிஎம் ஆய்வகத்தினர், நுண்ணிய ஊசிமுனையால் பரப்பைத் தடவிப் படமெடுக்கும் அணுவிசை நுண்ணோக்கியால் நூற்றுக்கும் மேற்பட்ட அஸ்ஃபால்டீன் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்தார்கள். நடுவில் தகடு, ஓரத்தில் வால் என்பது கண்ணுக்கே தெரிந்தது. ஒன்று போல இன்னொன்று கிடைப்பதும் அரிதாகவே இருந்தது. அந்த நுண்ணோக்கி யாரும் தாரைப் பார்ப்பதற்காகக் கண்டுபிடித்ததல்ல. பரப்புகளில் அணுக்கள் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பதற்காகப் பிறந்தது. "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று முதல் பக்கத்திலேயே கேட்டு நிதியை மறுக்கும் குழுக்கள், எண்ணெய்க் குழாய் அடைப்பு முதல் சாலை விரிசல் வரை இந்தப் படங்கள் எத்தனை இடத்தில் உதவுகின்றன என்று பார்க்க வேண்டும். அடிப்படை ஆய்வுக்குக் கேள்வி கேட்காமல் ஒரு பங்கு ஒதுக்குவதே நியாயம்.

சரி, எதை ஊற்றுவது? எது எதில் கரையும் என்று கணிக்க சார்ல்ஸ் ஹான்சன் என்ற விஞ்ஞானி 1967-இல் தந்த முறை கைகொடுக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று எண்கள்: பொதுவான ஈர்ப்பு, மின்முனைத் தன்மை, ஹைட்ரஜன் பிணைப்பு. எண்கள் நெருங்கினால் கரையும். பிட்டுமினுக்கு ஏறக்குறைய 18, 4, 4. டொலுயீனுக்கு 18, 1.4, 2. ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கும் லிமோனீனுக்கு 17.2, 1.8, 4.3. இரண்டும் பிட்டுமினுக்குப் பக்கத்து வீடு. ஹெப்டேன் 15.3, 0, 0 என்று தள்ளி நிற்கிறது. அசிட்டோன் 15.5, 10.4, 7 என்று இன்னொரு பக்கம் தள்ளி நிற்கிறது. நெயில் பாலிஷை நொடியில் கரைக்கும் அசிட்டோன் தாரிடம் திணறுவது இதனால்தான். தண்ணீரின் மூன்றாவது எண் 42. அதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

ஆகவே லிமோனீன் கலந்த தார் நீக்கியோ, அரோமேட்டிக் நாப்தா என்ற பெட்ரோலியக் கரைப்பான் கலந்த தார் நீக்கியோ சரியான தேர்வு. சாதாரண மண்ணெண்ணெயிலும் ஓரளவு அரோமேட்டிக் உண்டு; பிட்டுமினை இளக்கித் தெளிக்க சாலை போடுகிறவர்களே மண்ணெண்ணெய் கலப்பது வழக்கம். மெதுவாக வேலை செய்யும், எண்ணெய்ப் பிசுக்கு விட்டுப்போகும், ஆனால் வேலை நடக்கும். பெட்ரோலைத் தொடவே வேண்டாம். கரைக்கும் திறன் இருக்கிறது; கூடவே புற்றுநோய் தரக்கூடிய பென்சீனும் இருக்கிறது, உறைகுளிரிலும் தீப்பற்றும் ஆவியும் இருக்கிறது. ஒரு பொட்டுத் தாருக்காக அந்த ஆபத்து தேவையில்லை.

தாரைக் கரைப்பது பெயின்ட்டை ஏன் கரைப்பதில்லை? தொழிற்சாலைப் பெயின்ட்டின் மேல்பூச்சான கிளியர் கோட், சூளையில் வெந்து குறுக்குப் பிணைப்பால், அதாவது மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று வலைபோலப் பிணைந்து, இறுகியது. கோட்பாட்டளவில் ஒரு கதவின் கிளியர் கோட் மொத்தமும் ஒரே மூலக்கூறு. கரைவதென்றால் மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நீந்திப் போகவேண்டும். ஒரே மூலக்கூறு எங்கே போகும்? கரைப்பான் உள்ளே புகுந்தால் கொஞ்சம் உப்பும், ஆவியானதும் பழைய நிலைக்குத் திரும்பும். சில நிமிடங்கள் பட்டால் பாதகமில்லை. ஆனால் அதன் தடிமன் 35 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. கரைப்பானைவிடத் தேய்ப்புதான் அதற்கு எமன். தார்ப்பொட்டுக்குள் கல்தூள் புதைந்திருக்கும். அழுத்தித் தேய்த்தால் நாமே உப்புத்தாள் போட்டது போலாகிவிடும். பிளேடும் நகமும் வேண்டவே வேண்டாம்.

இந்தப் பாதுகாப்பு எல்லாப் பரப்புக்கும் கிடையாது. ஸ்ப்ரே டப்பாவால் அடித்த, இறுக்கும் பொருள் கலக்காத ஒற்றைக்கூறு பெயின்ட்டில் குறுக்குப் பிணைப்பு இல்லை. அது அப்படியே கரைந்து துணிக்கு வந்துவிடும். பட்டறையில் புதிதாக அடித்த பெயின்ட் முழுதாக இறுக ஒரு மாதமாவது ஆகும். சந்தேகம் இருந்தால் கதவைத் திறந்து, மறைவான ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் பொறுத்துத் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினாலோ, இடம் பிசுபிசுத்தாலோ நிறுத்திவிட வேண்டும். முகப்பு விளக்கின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் அரோமேட்டிக் பட்டால் நுண்விரிசல் விடும். கதவு ரப்பர் மண்ணெண்ணெயில் ஊதிப்போகும். ஸ்டிக்கரும் பாதுகாப்புப் படலமும் ஓரத்தில் பசை விட்டு எழும்பும். இவற்றை டேப் ஒட்டி மூடிவிட்டுத் தொடங்குங்கள்.

செய்முறை இதுதான். முதலில் ஷாம்பூவால் நன்றாகக் கழுவி மணலைப் போக்கி உலர்த்துங்கள். வண்டி நிழலில் நிற்கட்டும். புறங்கையை வைத்தால் தகடு சுடக்கூடாது, சுட்டால் கரைப்பான் வேலை முடியும் முன்பே ஆவியாகிவிடும். நைட்ரைல் கையுறை, காற்றோட்டம், அருகில் நெருப்பு கூடாது. ஒரு நேரத்தில் அரை மீட்டர் சதுர அளவுக்கு மேல் எடுக்காதீர்கள். மடித்த மைக்ரோஃபைபர் துணியில் 5 முதல் 10 மில்லி விட்டு, பொட்டின்மேல் அழுத்தாமல் வைத்து, ஒன்றிரண்டு நிமிடம் காத்திருங்கள். இந்தக் காத்திருப்பில்தான் வேலை நடக்கிறது. கரைப்பான் ஊடுருவ ஆகும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடும். இரண்டு மடங்கு தடித்த பொட்டுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம். தடித்த கட்டியாக இருந்தால் நனைத்த சிறு துணித்துண்டை வைத்து மேலே பிளாஸ்டிக் படலத்தால் ஐந்து நிமிடம் மூடுங்கள். பொட்டின் ஓரம் காப்பி நிறத்தில் கசியத் தொடங்குவதுதான் அடையாளம்.

பிறகு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரே இழுப்பில் தூக்கியெடுங்கள், உடனே துணியின் புது முகத்தைத் திருப்புங்கள். 40 சென்டிமீட்டர் துணியை இரண்டு முறை மடித்தால் எட்டு முகங்கள் கிடைக்கும். பழைய முகத்தால் துடைத்தால் கரைந்த தாரை மெல்லிசாகப் பூசுகிறோம், அவ்வளவுதான். கரைசல் காயும் முன் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் மிக முக்கியம்; காய்ந்தால் கரைப்பான் போய்விடும், அஸ்ஃபால்டீன் அங்கேயே நிற்கும். வாசகரின் பழுப்புப் படலத்துக்கும் இதே மருந்து: லிமோனீன் வகை நீக்கியை ஒரு நிமிடம் விட்டு, சுத்தமான முகத்தால் எடுத்தால் போய்விடும்.

அப்படியும் போகாத மஞ்சள் தடம் வேறு கதை. வாரக்கணக்கில் வெயிலில் விட்ட தாரின் சிறிய மூலக்கூறுகள் கிளியர் கோட்டுக்குள்ளேயே இறங்கியிருக்கும். மேலே எதை ஊற்றியும் பயனில்லை. மென்மையான பாலிஷால் ஓரிரு மைக்ரான் எடுத்தால் மங்கலாம். ஆழமாக இறங்கியிருந்தால் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம், கிளியர் கோட் திரும்ப வளராது. தாரை அந்த வாரமே எடுத்துவிடச் சொல்வது இதற்காகத்தான்.

வீட்டு வைத்தியங்களில் சமையல் எண்ணெயும் வெண்ணெயும் பொய்யல்ல. புதுத் தாரை மணிக்கணக்கில் இளக்கும். பற்பசை மட்டும் கூடாது. அது தாரைக் கரைக்காது, உராய்வுத் தூளால் அறுக்கும், தாரோடு பளபளப்பையும் சேர்த்து. "எங்கள் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று பகிரப்படும் காணொளிகளை நம்புவதற்கு முன், பக்கவாட்டில் டார்ச் அடித்து அந்த இடத்தைப் பாருங்கள்.

மற்ற பிடிவாதக் கறைகளுக்கும், கறை எதனால் ஆனது என்று முதலில் பார்ப்பதுதான் கணக்கு. மரப்பிசினில் ஆக்சிஜன் கொண்ட அமிலங்கள் இருப்பதால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அதைப் பிடிக்கும். ஸ்டிக்கர் பசைக்கு லிமோனீன். பூச்சிக் கறை புரதம் என்பதால் கரைப்பான் வீண். ஈரத்துணி போட்டு பத்து நிமிடம் ஊற வையுங்கள். தண்ணீர்க் கறை கால்சியம் கார்பனேட், அதற்கு நீர்த்த வினிகர், உடனே அலசல். பெயின்ட்டில் சொரசொரப்பாகக் குத்தியிருக்கும் பிரேக் இரும்புத் துகளுக்குத் தயோகிளைக்கோலேட் கரைசல்; இரும்போடு சேர்ந்ததும் ஊதா நிறமாக ஓடும். ஆனால் தாரை முதலில் எடுத்துவிடுங்கள், அதன் அடியில் இருக்கும் இரும்பை அந்தக் கரைசலால் தொட முடியாது. பெயின்ட்டில் ஒட்டிய துகள்களைத் தடவி எடுக்கும் களிமண் பார் கடைசியில்தான். தாரின்மேல் அதை ஓட்டினால் களிமண்ணும் கெடும், பெயின்ட்டிலும் கோடு விழும்.

எல்லாம் முடிந்ததும் பிசுக்குப் போக மறுபடி ஷாம்பூ, பிறகு மெழுகு. மெழுகும் எண்ணெய்த் தன்மை கொண்டதுதான், தாரை எடுத்த கரைப்பான் அதையும் எடுத்திருக்கும், துடைத்த இடங்கள் இப்போது வெறுமையாக இருக்கும். நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல், வெளியே விரித்துப் போட்டு ஆவி முழுதும் போனபிறகு அப்புறப்படுத்துங்கள். மிஞ்சிய கரைப்பானைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடிய டப்பாவில் அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.