எஃப்5 அமுக்குறதுக்கு முன்னாடி ரேமுக்குள்ள எட்டிப் பாருங்க

கரூர்ல ஆட்டோகேட், ரெவிட்னு வரைபட மென்பொருள் வச்சு கட்டட பிளான் போட்டுக் கொடுக்கிற தம்பி ஒருத்தர் போன வாரம் கேட்டிருந்தாரு. "அண்ணே, 10ஆம் தலைமுறை ஐ5 வச்சிருக்கேன், 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஆட்டோகேட்ல பெரிய லேஅவுட் திறந்து ரீஜென் கொடுத்தா கீழ போய் டீ குடிச்சிட்டு வந்துடலாம். ரெவிட்ல 350 எம்பி மாடல் ஒண்ணு இருக்கு, அதைத் திறந்தா மவுஸே நகர மாட்டேங்குது. கடையில ஐ9 போட்டு கூட கிராஃபிக்ஸ் கார்டும் போட்டா பறக்கும்ங்கிறாங்க. கடன் வாங்கித்தான் போடணும். போடட்டுமா?"

வேணாம் தம்பி, இப்போதைக்கு வேணாம். கடன் வாங்கப் போறீங்கன்னு சொன்னதாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன், முழுசா படிச்சிட்டு முடிவு பண்ணுங்க.

முதல்ல ஒரு விஷயம். ரீஜென், அதாவது வரைபடம் முழுசையும் திரும்பக் கணக்குப் போட்டு வரையுற வேலை, ஓடும்போது டாஸ்க் மேனேஜர்ல சிபியு பத்து சதவீதத்தைத் தாண்டலைன்னு சொன்னீங்க, அதனால ப்ராசஸர் சும்மா இருக்குன்னு நினைச்சிட்டீங்க. உங்க ஐ5ல ஆறு கோர், கணக்குப் போடுற ஆறு ஆள்னு வச்சுக்கோங்க, விண்டோஸ் கண்ணுக்கு அது பன்னெண்டு. ஒரே ஒரு த்ரெட், அதாவது ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஓடுற ஒரு வேலை வரிசை, மூச்சு முட்ட ஓடுச்சுன்னா பன்னெண்டுல ஒரு பங்கு, அதாவது எட்டு சதவீதம்தான் காட்டும். ஆட்டோகேட்ல பெரும்பாலான வேலை ஒரே த்ரெட்லதான் ஓடுது. 1982ல வந்த மென்பொருள், அதோட அடிப்படை அப்படி, ஆனா அதை மட்டும் குறை சொல்லிப் புண்ணியமில்லை, வேலையோட குணமே அதுதான். செங்கல் சுவர் கட்டுற இடத்துல ஆறு கொத்தனாரை நிறுத்துங்க, கீழ் வரிசை வைக்காம மேல் வரிசை வைக்க முடியுமா? இந்தச் சுவர் அந்தத் தூணைப் பிடிச்சிருக்கு, இந்த ஜன்னல் அந்தச் சுவரைப் பிடிச்சிருக்கு, முதல்ல ஒண்ணைக் கணக்குப் போட்டு முடிச்சாத்தான் அடுத்தது. மாடலை ஃபோட்டோ மாதிரி படமாக்குற ரெண்டரிங் வேற கதை, அது வெள்ளையடிக்கிற மாதிரி, ஆளுக்கு ஒரு சுவர்னு பிரிச்சுக்கலாம், அங்க கோர் எண்ணிக்கையும் கிராஃபிக்ஸ் கார்டும் நிஜமாவே பணத்துக்கு வேலை செய்யும். நீங்க ரெண்டரிங் வெளிய கொடுத்துடறேன்னு சொல்லிட்டீங்க. அப்போ உங்களுக்கு வேண்டியது ஒரே கொத்தனார், வேகமான கொத்தனார், முக்கியமா செங்கலுக்காக கையைக் கட்டிக்கிட்டு நிக்காத கொத்தனார்.

உங்க சைட்ல கொத்தனார் நிக்கிறாரு. செங்கல் எடுத்துக் கொடுக்கிற சித்தாள் வரலை, அதாவது ப்ராசஸருக்கு டேட்டா வந்து சேரலை. பிரச்சனை அதுதான்.

உங்க ப்ராசஸரோட உச்ச வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ், செகண்டுக்கு 430 கோடி துடிப்பு. அதாவது ஒரு துடிப்புக்கு ஒரு நானோ செகண்டுல கால் பங்குகூட இல்லை, அந்த நேரத்துல வெளிச்சமே ஒரு ஏழு சென்டிமீட்டர்தான் போகும். ப்ராசஸருக்குள்ளயே இருக்கிற கேஷ்ங்கிற குட்டி மெமரில டேட்டா இருந்தா சில துடிப்புல வந்துடும், இல்லாம ரேம் வரைக்கும் போகணும்னா சுமார் 80 நானோ செகண்ட். கேட்க ரொம்பக் கம்மியா இருக்கும். ஒரு துடிப்பை ஒரு செகண்ட்னு வச்சுக்கிட்டு கணக்குப் போடுங்க, ரேம்ல இருந்து செங்கல் வர கிட்டத்தட்ட ஆறு நிமிஷம். ரேம் நிரம்பிப் போய் எஸ்எஸ்டில (தட்டு சுத்தாம சிப்லயே சேமிக்கிற டிஸ்க்) இருந்து எடுக்கணும்னா நாலஞ்சு நாள். ஹார்ட் டிஸ்க்ல இருந்துன்னா, தட்டு சுத்தி ஹெட் நகர்ந்து போய்ச் சேர சுமார் 12 மில்லி செகண்ட், நம்ம கணக்குல ஒன்றரை வருஷத்துக்கு மேல. ரெவிட்டுக்கு மாடல் ஃபைல் அளவைப் போல இருபது மடங்கு ரேம் வேணும்னு ஒரு கணக்கு சொல்வாங்க, உங்க 350 எம்பிக்கு அதுவே ஏழு ஜிபி, மேல விண்டோஸ், குரோம், ஆட்டோகேட். எட்டு ஜிபில எப்படி அடங்கும்? மிச்சமெல்லாம் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகுது, உங்க கொத்தனார் ஒவ்வொரு செங்கலுக்கும் ஒன்றரை வருஷம் காத்துக்கிட்டு இருக்காரு. மவுஸ் நகராததுக்குக் காரணம் இதுதான், ஐ9 போட்டாலும் நகராது.

சரி, ரேம்ல இருந்து எடுக்க ஏன் 80 நானோ செகண்ட் ஆகுது? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது, பொறுமையா வாங்க.

ரேம்ல ஒரு பிட்டுங்கிறது ஒரு குட்டி கெபாசிட்டர், அதுக்கு வாசல் மாதிரி ஒரு டிரான்சிஸ்டர், அவ்வளவுதான். சார்ஜ் இருந்தா 1, இல்லைன்னா 0. ஒரு 16 ஜிபி ஸ்டிக்ல இப்படி சுமார் 13,700 கோடி கெபாசிட்டர் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் சில பத்தாயிரம் எலக்ட்ரான்தான் நிக்குது. இதைக் கண்டுபிடிச்சவர் ஐபிஎம்ல இருந்த ராபர்ட் டென்னார்ட். 1966ல ஒரு நாள், காந்தப் படலத்தை வச்சு மெமரி பண்ணப் போறோம்னு இன்னொரு குழு பேசினதைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போனவர், அது எவ்வளவு சுலபமா இருக்கு, நம்ம பிட்டுக்கு மட்டும் ஏன் ஆறு டிரான்சிஸ்டர் வேணும்னு யோசிச்சு யோசிச்சு ஒண்ணுல கொண்டு வந்து நிறுத்தினார். 1968ல காப்புரிமை கிடைச்சது.

கோடை காலத்துல சிவன் கோயில்ல லிங்கத்துக்கு மேல தாராபாத்திரம் தொங்கும் பார்த்திருப்பீங்க, அடியில சின்ன ஓட்டை, சொட்டு சொட்டா விழுந்துகிட்டே இருக்கும், காலியாகுறதுக்குள்ள ஒருத்தர் வந்து நிரப்பணும். ரேம்ல ஒவ்வொரு கெபாசிட்டரும் அப்படி ஒரு தாராபாத்திரம். டிரான்சிஸ்டர் வாசலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் சார்ஜ் கசியும். அதனால ரேமைக் கவனிச்சுக்கிற உங்க மெமரி கன்ட்ரோலர் 64 மில்லி செகண்டுக்குள்ள எல்லா வரிசைக்கும் ஒரு சுத்து போய் நிரப்பிட்டு வருது. 8,192 தவணையா பிரிச்சு, 7.8 மைக்ரோ செகண்டுக்கு ஒரு தடவை, நீங்க தூங்கினாலும் மெஷின் ஓடுற வரைக்கும் ஓயாம. இதுக்குப் பேரும் ரீஃப்ரெஷ்தான்! நம்ம ஊர்ல எந்த கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தாலும் முதல்ல டெஸ்க்டாப்ல ரைட் கிளிக் பண்ணி ரீஃப்ரெஷ், இல்லைன்னா எஃப்5, நாலஞ்சு தடவை அமுக்குறது ஒரு சடங்காவே ஆயிடுச்சு, சொல்லிக் கொடுக்கிற இடத்துலயே அப்படிச் சொல்லிக் கொடுத்துடறாங்க. அது ஐகானைத் திரும்ப வரையுது, மெஷினை வேகப்படுத்தலை, ரேமோட இந்த ரீஃப்ரெஷ்ஷுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. நிஜ ரீஃப்ரெஷ் நீங்க ஒரு தடவை கண் சிமிட்டுறதுக்குள்ள பல்லாயிரம் தவணை நடந்து முடிஞ்சிருக்கும்.

இதைவிட அழகு என்னன்னா படிக்கிற விதம். ஒரு பிட்டைப் படிக்கணும்னா வாசலைத் திறக்கணும், திறந்தா அந்தக் கொஞ்சூண்டு சார்ஜும் நீளமான கம்பியில கொட்டிப் போயிடும். அதாவது படிச்சாலே அழிஞ்சிடும். அந்தக் கம்பியை முன்கூட்டியே பாதி வோல்டேஜ்ல நிறுத்தி வச்சிருப்பாங்க, டிடிஆர்4ங்கிற ரேம் வகையில மொத்தம் 1.2 வோல்ட், அதுல பாதி. கெபாசிட்டர்ல 1 இருந்தா கம்பி ஒரு துளி மேல போகும், 0 இருந்தா ஒரு துளி கீழ இறங்கும், ஒரு வோல்ட்ல பத்துல ஒரு பங்கு மாதிரி. அந்தக் கம்பி முனையில சென்ஸ் ஆம்ப்ளிஃபையர்னு ஒரு சர்க்யூட் உட்கார்ந்திருக்கு, நகைக்கடைத் தராசு மாதிரி, ஆனா ஒரு குந்துமணி அளவு சாய்ஞ்சாலே அந்தப் பக்கமா தன்னைத்தானே முழுசா சாய்ச்சுக்கிற தராசு. துளி மேல போனா முழு 1.2க்கு இழுக்கும், துளி இறங்கினா பூஜ்யத்துக்குத் தள்ளும். வாசல் இன்னும் திறந்துதானே இருக்கு? அதனால அந்த முழு வோல்டேஜ் அப்படியே திரும்ப கெபாசிட்டருக்குள்ள ஏறிடும். கொட்டிப் போனதைப் படிச்சு, படிச்ச கையோட நிரப்பியும் வச்சாச்சு. ரீஃப்ரெஷ்ங்கிறதும் இதே வேலைதான், படிச்சதை யாருக்கும் சொல்லாம வாசலைச் சாத்திடுது, அவ்வளவுதான் வித்தியாசம். படிக்கிறதுக்கும் காப்பாத்துறதுக்கும் ஒரே அசைவு, இதை முதல்ல புரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

இந்தத் தராசு சாய ஒரு நேரம் வேணும். வரிசையைத் திறக்க பதிமூணு பதினாலு நானோ செகண்ட், அதுல வேண்டிய இடத்தைப் பொறுக்க அதே அளவு, முன்னாடி வேற வரிசை திறந்திருந்தா அதை மூடி கம்பியைப் பாதி வோல்டேஜுக்குக் கொண்டுவர இன்னொரு அதே அளவு, போக வர, கேஷ்ல தேடிப் பார்த்த நேரம் எல்லாம் சேர்த்துத்தான் அந்த 80. விளம்பரத்துல 6000, 7200னு நம்பர் ஏறுதே, அது ஒரு தடவை திறந்த பிறகு எவ்வளவு வேகமா அள்ளிக் கொட்டும்ங்கிற கணக்கு. முதல் செங்கல் வர்ற நேரம் இருபது வருஷமா பெருசா மாறலை. சிஎல்ங்கிறது வேண்டிய இடத்தைப் பொறுக்க ஆகுற துடிப்பு எண்ணிக்கை, துடிப்பு வேகம் அந்த விளம்பர நம்பர்ல பாதி மெகாஹெர்ட்ஸ். பழைய டிடிஆர்-400ல சிஎல் 2.5ன்னா 12.5 நானோ செகண்ட், இன்னைக்கு டிடிஆர்5-6000ல சிஎல் 36ன்னா 12. நீங்களே வகுத்துப் பாருங்க. தராசு சாயுற இயற்பியலை ஸ்டிக்கர் ஒட்டி வேகப்படுத்த முடியாது.

கிகாஹெர்ட்ஸும் இதே மாதிரி ஒரு இடத்துல முட்டி நின்னதுதான், அதுலயும் டென்னார்ட் வர்றார். டிரான்சிஸ்டரைச் சின்னதாக்கும்போது வோல்டேஜையும் அதே விகிதத்துல குறைச்சா சூடு கூடாம வேகம் மட்டும் கூடும்னு 1974ல அவர் குழுதான் எழுதிக் காட்டிச்சு. முப்பது வருஷம் அது பலிச்சது. வோல்டேஜ் ஒரு வோல்ட் பக்கம் வந்ததும் கசிவு தாங்கலை, அதுக்குக் கீழ இறக்க முடியலை. 2004ல இன்டெல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டுச்சு, வேகம் ஏத்த முடியலைன்னதும் கோரைப் பெருக்க ஆரம்பிச்சாங்க. கடையில உங்ககிட்ட விக்கப் பார்க்கிற பதினாறு கோர், இருபத்துநாலு கோர் எல்லாம் அந்தக் கசிவோட வாரிசுங்க. டென்னார்ட் 2024ல காலமானார், நம்ம பத்திரிகைகள்ல எத்தனை வரி வந்துச்சு? உடனே லாபம் வராத கேள்வியை யோசிக்க ஒரு மனுஷனுக்குச் சம்பளம் கொடுத்து விட்டுவச்ச இடத்துல இருந்துதான் இது வந்துச்சு. நாம ஆராய்ச்சிக்குச் செலவழிக்கிறது ஜிடிபில 0.64 சதவீதம். சிப் பேக்கேஜ் பண்ற ஆலைக்கு ஆயிரக்கணக்கான கோடி மானியம் கொடுக்கிறோம், கொடுக்கட்டும், வேலை வாய்ப்பு வரும், ஆனா ஒரு கல்லூரி லேப்ல கெபாசிட்டர் கசிவைப் பத்தி அஞ்சு வருஷம் யோசிக்க ஒரு பொண்ணுக்கு உதவித்தொகை மாசாமாசம் ஒழுங்கா வரணும். அது வராத வரைக்கும் நாம ஸ்டிக்கை வாங்கிச் சொருகிக்கிட்டேதான் இருப்போம்.

சூடுன்னு சொன்னதும் உங்க ஊர் ஞாபகம் வருது. கரூர் பரமத்தி வெயில் தமிழ்நாட்டுக்கே தெரியும். சூடு ஏற ஏற கசிவு கூடும். ரேம் சிப் 85 டிகிரி தாண்டினா ரீஃப்ரெஷ்ஷை ரெண்டு மடங்கு அடிக்கடி பண்ணணும்னே விதி. 2008ல பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் இதைத் தலைகீழா பண்ணிக் காட்டினாங்க, ரேமைக் குளிர வச்சு கரண்டை நிறுத்தினா டேட்டா நிமிஷக் கணக்குல அழியாம நின்னுச்சு. டெஸ்க்டாப் ரேம் 85 தொடுறது அபூர்வம்தான், ஆனா ப்ராசஸர் 100 தொட்டா தானா வேகத்தைக் குறைச்சுக்கும், உங்க 4.3 அப்புறம் 4.3 இல்லை. கேபினெட்டைத் திறந்து ஃபேனைப் பாருங்க. நான் திறந்த ஒரு டிராஃப்டிங் ஆபீஸ் மெஷின்ல ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவுல தூசி கம்பளி மாதிரி படிஞ்சு, சாம்பிராணிப் புகையில பிசுபிசுன்னு ஒட்டியிருந்துச்சு, ப்ராசஸர் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்துற பேஸ்ட் காய்ஞ்சு சுண்ணாம்பா உதிர்ந்துச்சு. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைங்க, சோறு போடுற மெஷின் அது, நானும் வைப்பேன். ஆனா பொட்டைப் பக்கவாட்டுத் தகட்டுல வைங்க, புகை போடும்போது மெஷினை ஆஃப் பண்ணிடுங்க, எலுமிச்சம்பழத்தை வென்ட் மேல அடைச்சு வைக்காதீங்க.

வாங்க வேண்டியது: 16 ஜிபி ஸ்டிக் ரெண்டு, ஒரு என்விஎம்இ (வேகமான வகை) எஸ்எஸ்டி, ஒரு டியூப் தெர்மல் பேஸ்ட். ரேம் விலை ஏஐ சர்வர்காரங்க அள்ளிக்கிட்டுப் போறதால 2025 கடைசியில இருந்து ஏறித்தான் கிடக்கு, அப்பவும் ஐ9 கணக்குக்குப் பக்கத்துல வராது. ஒரே 32 வாங்காம ரெண்டு 16 ஏன்னா உங்க போர்டுல ரேமுக்குப் போற பாதை ரெண்டு, ஒரு ஸ்டிக் போட்டா ஒரு பாதை சும்மா கிடக்கும். 2666 வேக ரேம்ல ஒரு பாதைக்கு செகண்டுக்கு 21.3 ஜிபி, ரெண்டு சேர்ந்தா 42.6. ரெண்டு சித்தாள்.

இதை எழுதிக்கிட்டு இருக்கும்போதே தம்பி அவசரப்பட்டு ரேமை மட்டும் வாங்கிப் போட்டுட்டு ஃபோட்டோ அனுப்பிட்டாரு. ரெண்டு ஸ்டிக்கும் ஒட்டி ஒட்டி, முதல் ரெண்டு ஸ்லாட்டுல. அது ரெண்டும் ஒரே பாதை தம்பி. ப்ராசஸர் பக்கத்துல இருந்து எண்ணினா ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் போடுங்க, ஓரத்துக் கிளிப் ரெண்டும் டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்குங்க, அப்புறம் சிபியு-இசட்ங்கிற இலவச மென்பொருள்ல மெமரி பக்கம் போய் ரெண்டு பாதைக்கு அடையாளமா டூயல்னோ 2 x 64-bitனோ காட்டுதான்னு பார்த்துச் சொல்லுங்க.