கான்கிரீட்டைக் கடலில் இறக்கினால் பவளம் வளர்ந்துவிடுமா?

பவளப்பாறை மீட்பு என்று பேச வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு படத்தோடுதான் வருகிறார்கள். முக்கோணம், குவிமாடம், தேன்கூடு, சில சமயம் சிலைகள்கூட இருக்கும். "இதில் எது நல்லா வரும் சார்?" என்பதுதான் முதல் கேள்வி. கடலுக்குள் போகும் கட்டுமானங்களுக்குப் பொருள் தேர்ந்து கொடுப்பது என் தொழில். வடிவத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், அந்த இடத்தில் பவளம் ஏன் செத்தது என்று முதலில் சொல்லுங்கள் என்பேன். பல கூட்டங்களில் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

காரணம் இதுதான். பவளத்தின் லார்வா, அதாவது நீரில் மிதந்து திரியும் அதன் இளம் உயிர், ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது. அது ஒட்டிக்கொள்ள அசையாத, கெட்டியான ஒரு பரப்பு வேண்டும். கழிவுநீராலோ, வண்டலாலோ, வெப்பத்தாலோ செத்த இடத்தில் பாறை அப்படியேதான் இருக்கிறது. அங்கே புதிதாக ஒரு கல்லை இறக்கினால் பாசி பிடிக்க இன்னொரு இடம் கிடைக்கும், அவ்வளவுதான். கட்டுமானம் உண்மையில் தேவைப்படுவது அடித்தளமே நொறுங்கிப்போன இடங்களில். வெடி வைத்து மீன் பிடித்த இடம், கப்பல் தரைதட்டிய இடம், நங்கூரம் உழுத இடம். அங்கே உடைந்த பவளத் துண்டுகள் அலைக்கு அலை உருண்டுகொண்டே இருக்கும். அதில் ஒட்டிய லார்வா பிழைக்காது.

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவை ஒட்டிய கடலில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். வெடியால் சரளையாகிப்போன பரப்பில், ரெசின் பூசி மணல் தூவிய அறுகோண இரும்புச் சட்டங்களை ஒன்றோடொன்று பிணைத்து வலைபோல விரித்து, அதில் பவளத் துண்டுகளைக் கட்டினார்கள். சாக்லேட் செய்யும் அதே மார்ஸ் நிறுவனத்தின் திட்டம்தான் இது. நான்கே ஆண்டுகளில் அங்கே பவளம் வளரும் வேகம் நல்ல நிலையில் உள்ள பாறைகளுக்கு இணையாக வந்துவிட்டது என்று 2024இல் வெளியான ஆய்வு சொன்னது. நட்டதில் பெரும்பாலும் வேகமாக வளரும் கிளைப் பவளங்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பழைய பாறையில் இருந்த வகைகள் எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை. சரளையை நகராமல் பிடித்து வைத்ததுதான் அந்தச் சட்டத்தின் முக்கியமான வேலை.

எதிர் உதாரணத்துக்கு ஃபுளோரிடாவுக்குப் போக வேண்டும். 1970களின் தொடக்கத்தில் ஃபோர்ட் லாடர்டேலுக்கு அப்பால் சுமார் 20 லட்சம் பழைய டயர்களைக் கட்டுக்கட்டாகக் கடலில் இறக்கினார்கள். மீனுக்கு வீடு, குப்பைக்கும் வழி என்று இரட்டை லாபக் கணக்கு. கட்டியிருந்த உலோகக் கிளிப்புகள் துருப்பிடித்து விட்டன, நைலான் அறுந்தது, புயலில் டயர்கள் கிளம்பிப் போய்ப் பக்கத்தில் உயிரோடிருந்த பாறையை மோதித் தேய்த்தன. டயர் மீது பவளமும் பெரிதாக வரவில்லை. அவற்றை வெளியே எடுக்க ராணுவ முக்குளிப்பாளர்களையே இறக்க வேண்டியதாயிற்று. குப்பையை ஒழிப்பதும் பாறையை மீட்பதும் ஒரே திட்டத்தில் சேர்ந்து வந்தால் நான் இப்போதெல்லாம் உடனே உஷாராகிவிடுவேன்.

சரி, கான்கிரீட்டுக்கு வருவோம். சாதாரண போர்ட்லாண்ட் சிமென்டில் வார்த்த புதுக் கான்கிரீட் கட்டையின் பிஎச் (காரத்தன்மையைக் காட்டும் எண்) 12-13 இருக்கும். கடல்நீருக்குச் சுமார் 8.1. இந்த அளவுகோலில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு என்பதால், வித்தியாசம் குறைந்தது பல ஆயிரம் மடங்கு. மேற்பரப்பிலிருந்து சுண்ணாம்பு கசிந்து முடியும்வரை காரத்தைத் தாங்கும் சில உயிரினங்களே அதில் முதலில் குடியேறும். சிமென்டில் பாதிக்கு மேல் இரும்பு உலைக் கசடைக் கலந்தால் இந்தக் கசிவு குறைகிறது. உப்பு உள்ளே புகுவதும் தாமதமாகிறது. உலகின் கரியமில வாயு உமிழ்வில் சிமென்டின் பங்கு 7-8 சதவீதம். சூடேறும் கடலைக் காப்பாற்றப் போகிற கட்டையில் அதைக் குறைப்பதுதானே நியாயம்? ஆனால் கசடுக் கலவை மெதுவாகத்தான் இறுகும். ஒப்பந்ததாரருக்கோ அச்சை மறுநாளே கழற்றி அடுத்ததை வார்க்க வேண்டும். தள முகாமில் நடக்கும் சண்டைகளில் பாதி, கட்டையை இறுகவிடும் இந்த க்யூரிங் நாட்களைப் பற்றியதுதான்.

அப்புறம், யாரும் கவனிக்காத ஒன்று: ஷட்டரிங் எண்ணெய். கட்டை அச்சில் ஒட்டாமலிருக்கப் பழைய இன்ஜின் ஆயிலைத் தடவும் பழக்கம் பல தளங்களில் உண்டு. அந்தப் படலம் கட்டையோடேயே கடலுக்குப் போகும். தாவர எண்ணெயில் செய்தது போதும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். இரும்பு அச்சில் கண்ணாடிபோல வழவழவென்று வரும் பரப்பும் பவளத்துக்கு ஆகாது. லார்வாவுக்கு ஓரிரு மில்லிமீட்டர் ஆழமுள்ள பள்ளங்கள் வேண்டும். இல்லாவிட்டால் பாசி மேயும் மீன் அதையும் சேர்த்து மேய்ந்துவிடும். இதற்குச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. அச்சின் உட்புறத்தில் கெட்டியான சர்க்கரைக் கரைசலைப் பூசுவது. சர்க்கரை பட்ட இடத்தில் சிமென்ட் இறுகாது. மறுநாள் தண்ணீரைப் பீய்ச்சினால் மேல்தோல் கழன்று ஜல்லி துருத்திக்கொண்டு நிற்கும்.

உள்ளே கம்பி போடலாமா? முடிந்தவரை வேண்டாம். உப்பு எட்டியதும் கம்பி துருப்பிடித்து, பருத்து, கட்டையைப் பிளந்துவிடும். கனமான கட்டைக்குக் கம்பியே தேவைப்படாது. மெலிந்த வடிவமாக இருந்தால் பசால்ட் என்ற எரிமலைப் பாறையின் இழையிலோ கண்ணாடி இழையிலோ செய்த கம்பி போதும். ஹாங்காங்கில் 3D பிரிண்டரில் செய்த சுடுமண் ஓடுகளை இறக்கினார்கள். சுடுமண்ணில் காரமும் இல்லை, துருவும் இல்லை. எடை குறைவு, உடையும், அதனால் அலையடிக்கும் இடத்துக்குச் சரிப்படாது.

எடையில் பலர் ஏமாறுகிறார்கள். கரையில் ஒரு டன் இருக்கும் கான்கிரீட் கடலுக்குள் 570 கிலோ போலத்தான் இருக்கும். நீரோட்டம் இருமடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். கட்டை நகராமல் நின்றாலும் அடியில் மணல் அரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதையும்.

கரைக் காப்பிலும் இதே கதைதான். பவளப்பாறை சராசரியாக அலையின் ஆற்றலில் 97 சதவீதத்தைக் குறைத்துவிடுவதாக 2014இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதைக் காட்டி, மூழ்கிய தடுப்புகளையும் 'செயற்கைப் பாறை' என்று விற்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் ஃபுளோரிடாவின் பாம் பீச்சில் கரைக்கு இணையாக அப்படி ஒரு கான்கிரீட் வரிசை போடப்பட்டது. கட்டைகள் மணலில் இறங்கின. தடுப்பைத் தாண்டி வந்த தண்ணீர் உட்புறம் தேங்கி, கரையோரமாக ஓடி மணலை அரித்தது. அரிப்பு கூடியதால் 1995இல் அதையே எடுத்துவிட்டார்கள். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் தூண்டில் வளைவும் கடல்சுவரும் செய்யும் கெடுதல் இன்னும் தெரிந்ததே. ஒரு பக்கம் மணல் சேர்ந்தால் மறுபக்கம் ஊர் போகும். சேறு படியும் கரையாக இருந்தால் குச்சியும் சுள்ளியும் வைத்துக் கட்டிய வேலிகள்கூடப் போதும். ஜாவாவின் தெமாக்கில் அப்படி வண்டலைப் பிடித்து, அலையாத்தி தானாக முளைக்க விட்டார்கள். நிலம் தாழ்ந்துகொண்டே போகும் பகுதிகளில் அதுவும் திணறியது.

எதைச் செய்தாலும் வெப்பம் மேலே நிற்கிறது. சூட்டில் பவளம் நிறமிழந்து நலியும் வெளிறல், 2023இல் ஓர் அலையாகத் தொடங்கியது; அதில் உலகப் பவளப்பாறைப் பரப்பில் சுமார் 84 சதவீதம் பாதிப்புண்டாக்கும் சூட்டுக்கு ஆளானது. அந்தக் கோடையில் ஃபுளோரிடாவில் கடலிலிருந்த நாற்றங்கால் பவளங்களைக் கரைத் தொட்டிகளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எந்தச் சிமென்டும் இதற்கு மருந்தல்ல.

ஆகவே ஒரு திட்டத்துக்குப் பணம் கொடுக்கப் போகிறவர்கள், ஊர் சார்பில் ஒப்புதல் தரப் போகிறவர்கள், கண்காணிப்புக்கு எத்தனை ஆண்டுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறது என்று கேளுங்கள். 2020இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், பவள மீட்புத் திட்டங்களில் 60 சதவீதம் பதினெட்டு மாதம்கூடக் கவனிக்கப்படவில்லை. பவளத்தைக் கட்டப் பிளாஸ்டிக் டேக்கா, வேறு ஏதாவதா என்று கேளுங்கள். தோற்றுப்போனால் யார் செலவில் எடுப்பது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். நான் தரும் வரைபடங்களில் தூக்குவதற்கு இரும்பு வளையம் இருக்காது, அது சில ஆண்டுகளில் துருப்பிடித்துவிடும். அதற்குப் பதில் பட்டையை நுழைத்துத் தூக்கும் அளவுக்கு ஒரு துளையைக் கட்டையின் ஊடே விட்டுவிடுகிறேன். இறக்கும்போது அது உதவும், எடுக்க நேர்ந்தால் அப்போதும் உதவும். நடுவில் மீன் இருந்துவிட்டுப் போகட்டும்.